டெங்குக்குப் பின் மங்கும் பார்வை: அசட்டை செய்யலாகாது

டெங்குக் காய்ச்சல் எமது நாட்டுக்குப் புதியதொரு நோயன்று. 1962 ஆம் ஆண்டில் ஆய்வுகூடப் பரிசோதனை மூலம் முதன்முதலாக இங்கு உறுதி செய்யப்பட்ட இந்நோய், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எம்மை விட்டகலாது தொடர்ந்து வருகின்றது. 2009 ஆம் ஆண்டில் சுமார் 35,000 பேரைப் பீடித்து 340 க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. 2017 ஆம் ஆண்டில் வரலாறு காணாத வகையில் 186,000 க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவ்வாண்டின் முற்பகுதியில் கிண்ணியாப் பிரதேசம் அனுபவித்த துயரத்தைக் கிழக்கு மாகாண மக்கள் எளிதில் மறந்துவிடமாட்டார்கள். 2019 இலும் நோயாளர் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடந்தது.

இத்தனை அனுபவத்தின் பயனாக டெங்கு பற்றிய சில அடிப்படை உண்மைகள் இன்று பாமர மக்களுக்கும் தெரிந்துள்ளன. காய்ச்சல் மூன்றாம் நாளையும் கடந்தால் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும், அஸ்பிரின் கொடுக்கக் கூடாது, குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும் என்பனவற்றை வீட்டிலுள்ள தாய்மாரே எடுத்துச் சொல்லும் நிலை தோன்றியிருப்பது வரவேற்கத்தக்கதாகும். எனினும், இந்நோய் கண்களையும் தாக்கக் கூடியது என்பதும், காய்ச்சல் தணிந்து நோயாளி தேறி வரும் வேளையிலேயே அத்தாக்கம் பெரும்பாலும் வெளிப்படும் என்பதும் எம்மவரிற் பலருக்கு இன்னமும் தெரியாத விடயங்களாகவே உள்ளன. இது குறித்து எமது வாசகர்களுக்குச் சற்று விரிவாக எடுத்துரைப்பது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். டெங்குவின் ஆரம்ப அறிகுறிகளுள் ஒன்று கண்களின் பின்புறத்தே ஏற்படும் வலியாகும். தலையிடி, மூட்டுவலி, உடல்வலி ஆகியவற்றுடன் சேர்ந்து வருகின்ற இவ்வலி, கண்ணை அசைக்கும்போது அதிகரிக்கும். காய்ச்சலின் முதல் நாட்களில் பெரும்பாலான நோயாளர்களுக்கு இது ஏற்படுவதுண்டு. இவ்வலி மாத்திரம் இருப்பின் அது கண்ணின் உட்பகுதி பழுதடைந்ததற்கான அடையாளமாகாது. ஆனால், "டெங்கு என்றால் கண் வலிக்கத்தானே செய்யும்" என்ற இந்த எண்ணமே பின்னர் ஆபத்தாக மாறிவிடுகின்றது. ஒரு வாரம் கழித்துப் பார்வை மங்கும்போதும் நோயாளியும் உறவினரும் அதனைக் காய்ச்சலின் தொடர்ச்சியென்றும், உடற்களைப்பு என்றும், பலவீனம் என்றும் எண்ணி வாளாவிருந்து விடுகின்றனர். வலி வேறு, பார்வைக் குறைபாடு வேறு என்பதை ஒவ்வொருவரும் மனதிற் பதித்துக் கொள்ளுதல் அவசியமாகும்.

கண்ணின் வெளிப்புறத்தில் ஏற்படும் பாதிப்புகளை முதலில் நோக்குவோம். வெண்விழியை மூடியுள்ள மெல்லிய படையின் கீழே குருதி கசிந்து, கண் செக்கச் சிவந்து தோன்றுவது டெங்கு நோயாளரிடையே காணப்படும் ஒன்றாகும். குருதிச் சிறுதட்டுக்கள் குறைவடைவதே இதற்கான பிரதான காரணம். பார்ப்போரை அச்சுறுத்துவதாக இருப்பினும், இக்கசிவு பார்வையைப் பாதிப்பதில்லை. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாகவே மறைந்து விடுகின்றது. ஆயினும், காய்ச்சலின்போது இவ்வாறு ஏற்படுமாயின், உடலில் குருதி கசியும் தன்மை தோன்றியுள்ளது என்பதற்கான எச்சரிக்கையாக அதனைக் கொண்டு உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மிகுந்த கவனத்துக்குரியவை கண்ணின் உட்புறத்தில் ஏற்படும் பாதிப்புகளேயாகும். கண்ணின் பின்சுவரில் அமைந்துள்ள விழித்திரையே நாம் காணும் காட்சிகளைப் பதிவு செய்து பார்வை நரம்பினூடாக மூளைக்கு அனுப்புகின்றது. அவ்விழித்திரையின் மையத்தில் மஞ்சட் பொட்டு எனப்படும் மிகச் சிறிய பகுதி உண்டு. எழுத்துகளை வாசிப்பதும், முகங்களை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இப்பகுதியின் உதவியினாலேயே இயலுகின்றன. டெங்கு நோய் கண்ணைத் தாக்கும்போது பெரிதும் பாதிக்கப்படுவது இந்த மஞ்சட் பொட்டேயாகும். அதில் நீர் கோத்து வீக்கம் ஏற்படலாம். விழித்திரையின் நுண்குழாய்கள் அழற்சியுற்றுக் குருதி கசியலாம். மஞ்சட் பொட்டின் நடுக்குழியில் மஞ்சள் நிறமான அழற்சிப் புள்ளியொன்று தோன்றலாம். இவற்றைத் தவிர, கண்ணின் முற்பகுதியில் கதிராளி அழற்சியடைதல், கண்ணாடியுடனீரில் குருதி கலத்தல், பார்வை நரம்பு வீக்கமடைதல், விழித்திரையின் அடியில் நீர் சேர்ந்து அது விலகுதல் ஆகியனவும் அறியப்பட்டுள்ளன. இவற்றுட் சில மிக அரிதானவை. எனினும் அவற்றின் விளைவு பாரதூரமானது.

இவ்வாறு நிகழ்வதற்கான காரணங்களை மருத்துவ உலகம் இன்னமும் ஆராய்ந்து வருகின்றது. டெங்கு வைரசை எதிர்த்துப் போராடும் உடலின் எதிர்ப்புச் சக்தியே அளவு மீறித் தொழிற்பட்டு விழித்திரையின் நுண்குழாய்களைப் பாதிக்கின்றது என்பது பலரும் ஏற்றுக்கொண்டுள்ள விளக்கமாகும். டெங்குவின்போது உடலெங்குமுள்ள மயிர்த்துளைக் குழாய்களிலிருந்து திரவம் கசிவதை நாம் அறிவோம். அக்கசிவு கண்ணினுள்ளும் நிகழுமாயின் மஞ்சட் பொட்டு வீங்குவது இயல்பே. சிறுதட்டுக்கள் வீழ்ச்சியடைந்திருக்கும் வேளையாதலால் குருதிக் கசிவும் அதனுடன் சேர்ந்து கொள்கின்றது.

இப்பாதிப்புக் குறித்து மிகத் தெளிவான அனுபவத்தைப் பெற்ற நாடு சிங்கப்பூராகும். 2005 ஆம் ஆண்டில் அந்நாட்டில் 14,000 க்கும் மேற்பட்டோர் டெங்குவினால் பீடிக்கப்பட்டனர். அவ்வேளையில் டான் டொக் செங் வைத்தியசாலையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்று, டெங்குவுக்காக அனுமதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு மஞ்சட் பொட்டில் பாதிப்பு இருந்ததைக் கண்டறிந்தது. ஆனால், 2007 ஆம் ஆண்டில் அங்கு மீண்டும் டெங்கு பரவியபோது மஞ்சட் பொட்டின் நடுக்குழி அழற்சி காணப்படவில்லை. 2005 இல் முதலாம் வகை வைரசும், 2007 இல் இரண்டாம் வகை வைரசும் மேலோங்கியிருந்தமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என அங்குள்ள வைத்தியர்கள் கருதினர்.

இந்த அனுபவம் எமக்கு உணர்த்துவது யாது? டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. இலங்கையில் இந்நான்கும் மாறி மாறி மேலோங்கி வந்துள்ளன. 2009 இல் முதலாம் வகையும், 2017 இல் இரண்டாம் வகையும் முன்னிலை வகித்தன. ஆகவே, கடந்த முறை பரவியபோது கண் பாதிப்புகள் அதிகமாகக் காணப்படவில்லை என்பதனால் அடுத்த முறையும் அவ்வாறே இருக்குமென எவரும் உறுதி கூற முடியாது. ஒரு வகைத் தொற்றிலிருந்து மீண்டவருக்கு ஏனைய மூன்று வகைகளும் தொற்றக்கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது.

பார்வைக் குறைபாடு தோன்றும் காலமே இவ்விடயத்தில் மிக முக்கியமானதாகும். காய்ச்சல் ஆரம்பித்து ஏறக்குறைய ஒரு வாரமளவில், அதாவது சிறுதட்டுக்கள் மிகத் தாழ்ந்த நிலையை அடைந்து மீண்டும் உயரத் தொடங்கும் வேளையில், பெரும்பாலானோருக்கு இது வெளிப்படுகின்றது. சிலருக்குச் சில நாட்களின் பின்னரும் தோன்றலாம். அவ்வேளையில் நோயாளி ஆபத்தான கட்டத்தைத் தாண்டியிருப்பார். காய்ச்சல் விட்டிருக்கும். பசி எடுக்கத் தொடங்கியிருக்கும். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியுமிருப்பார். உயிர் தப்பியதே பெரும் பாக்கியம் என்று குடும்பத்தினர் நிம்மதிப் பெருமூச்சு விடும் அந்நாட்களிலேயே கண்ணில் சத்தமின்றிப் பாதிப்பு ஏற்படுகின்றது. வைத்தியரின் நேரடிக் கண்காணிப்பிலிருந்து நோயாளி விலகிவிட்ட பின்னர் இது நிகழ்வதனாலேயே பலருடைய பாதிப்பு உரிய வேளையில் கவனிக்கப்படாது போகின்றது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் பின்வருமாறு அமையும். பார்வை திடீரென மங்குதல். பார்க்கும் இடத்தின் நடுவே கரும்பொட்டு அல்லது சாம்பல் நிற மறைப்புத் தோன்றுதல். நேர்கோடுகள் வளைந்தும் நெளிந்தும் தெரிதல். பொருட்கள் உண்மையான அளவிலும் சிறிதாகத் தெரிதல். கண்முன்னே நுளம்புகள் பறப்பது போன்று புள்ளிகள் மிதத்தல். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல். கண் சிவந்து கடுமையாக வலித்தல். ஒன்று இரண்டாகத் தெரிதல். இவற்றுள் ஏதேனுமொன்று ஒரு கண்ணில் மாத்திரம் தோன்றினாலும் தாமதிக்கலாகாது. இரு கண்களும் ஒரே வேளையில் பாதிக்கப்படுவதும் உண்டு.

ஒரு கண்ணில் மாத்திரம் பாதிப்பு ஏற்படும்போது மற்றக் கண் அதனை ஈடு செய்து விடுவதனால் நோயாளி அதனை உணராமலேயே இருந்துவிடக் கூடும். எனவே வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பரிசோதனையொன்றை இங்கு குறிப்பிடுகின்றோம். பிள்ளைகள் கணிதத்துக்குப் பயன்படுத்தும் சதுரக் கொப்பியின் ஒரு பக்கத்தை எடுத்து அதன் நடுவே பேனாவினால் ஒரு புள்ளியிடுங்கள். நல்ல வெளிச்சத்தில், வழமையாக வாசிக்கும் தூரத்தில் அதனை வைத்து, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மறு கண்ணால் அப்புள்ளியையே உற்று நோக்குங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர் அதனை அணிந்தபடியே பார்க்க வேண்டும். சுற்றியுள்ள கோடுகள் யாவும் நேராகத் தெரிகின்றனவா, எங்கேனும் கட்டங்கள் மறைந்தோ மங்கியோ உள்ளனவா எனக் கவனித்து, பின்னர் மற்றக் கண்ணாலும் அவ்வாறே பாருங்கள். காய்ச்சல் விட்ட நாளிலிருந்து இரு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முறை இதனைச் செய்வதற்கு ஒரு நிமிடமே போதுமானது. கோடுகள் கோணலாகத் தெரிந்தால் அன்றே கண் வைத்தியரை நாட வேண்டும். கோடுகள் நேராகத் தெரிந்தாலும், மேற்கூறிய அறிகுறிகள் வேறு ஏதும் இருப்பின் இப்பரிசோதனையை நம்பிப் பேசாதிருந்துவிடக் கூடாது.

சிறு பிள்ளைகள் தமக்குப் பார்வை மங்குகின்றது என்று எடுத்துச் சொல்ல மாட்டார்கள். பாடப் புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டு செல்லுதல், தொலைக்காட்சியின் முன்னே போய் நிற்றல், தலையைச் சரித்துப் பார்த்தல், படிகளில் தடுக்கி விழுதல் ஆகியவற்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். டெங்குவின் பின்னர் பாடசாலைக்குத் திரும்பும் மாணவர் கரும்பலகையிலுள்ளவற்றை எழுதத் தடுமாறினால், அதனைச் சோம்பல் என்று கண்டிக்காமல் பெற்றோருக்கு அறிவிப்பது ஆசிரியர்களின் கடமையாகும்.

கண் வைத்திய நிபுணர் விசேட கருவிகளின் துணையுடன் விழித்திரையைப் பரிசோதிப்பார். தேவையேற்படின் ஓ.சி.ரி. எனப்படும் ஸ்கேன் மூலம் மஞ்சட் பொட்டின் படைகளைப் படமெடுத்துப் பார்ப்பார். இதில் வலியோ ஊசியோ கிடையாது. வெளித்தோற்றத்தில் கண் முற்றிலும் இயல்பாக இருக்கும்போதும் உள்ளே வீக்கம் இருக்கக்கூடும் என்பதனால், கண் சிவக்கவில்லை என்பதைக் கொண்டு பரிசோதனையைத் தவிர்த்தல் தவறாகும். கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கு எல்லோராலும் செல்ல முடியாதாயினும், முதலில் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையை நாடினால் அங்கிருந்து கண் பிரிவுள்ள வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பார்கள். அவ்வாறு செல்லும்போது டெங்குவுக்காகச் சிகிச்சை பெற்ற அட்டையையும் குருதிப் பரிசோதனை அறிக்கைகளையும் தவறாது கொண்டு செல்ல வேண்டும்.

சிகிச்சையைப் பொறுத்தவரையில், டெங்கு வைரசை அழிக்கும் மருந்து எதுவும் இல்லாதது போன்றே, டெங்குக் கண் பாதிப்புக்கெனத் தனியான மருந்தும் இல்லை. இலேசான பாதிப்புள்ளோரைக் கண்காணித்து வருவதே போதுமானதாக அமைகின்றது. அழற்சி கடுமையாக இருப்பின் ஸ்டீரொயிட் வகை மருந்துகளைச் சொட்டு மருந்தாகவோ, மாத்திரையாகவோ, ஊசியாகவோ வைத்தியர்கள் வழங்குவதுண்டு. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பார்வை திரும்பி விடுகின்றது என்பது ஆறுதலளிக்கும் செய்தியாகும். ஆனால் எல்லோருக்கும் முற்றாகத் திரும்புவதில்லை. குறிப்பாக, மஞ்சட் பொட்டின் நடுக்குழி பாதிக்கப்பட்டோரிற் சிலருக்குப் பார்வையின் மையத்தில் ஒரு மறைப்பு நீண்ட காலம் நிலைத்து விடுகின்றது.

அத்தகைய மறைப்பு ஒருவரின் வாழ்வில் ஏற்படுத்தும் தாக்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். டெங்கு முதியோரை மட்டும் தாக்குவதில்லை. உழைக்கும் வயதினரும் மாணவரும் பெருமளவில் அதற்கு இலக்காகின்றனர். தையல் வேலை செய்யும் பெண்ணுக்கும், முச்சக்கர வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் தந்தைக்கும், உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் மாணவனுக்கும் மையப் பார்வையே மூலதனமாகும். வேதத்தையும் திருமறையையும் அன்றாடம் ஓதி வருகின்றவர்களுக்கு எழுத்து மறைந்து போவது எத்துணை வேதனை தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பார்வை தெளிவடையும் வரை வாகனம் ஓட்டுவதையும், உயரமான இடங்களில் ஏறி வேலை செய்வதையும், இயந்திரங்களை இயக்குவதையும் தவிர்த்தல் தமக்கும் பிறருக்கும் நன்மை பயக்கும்.

செய்யக் கூடாதவை சிலவற்றையும் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம். கண் சிவந்துள்ளது என்றவுடன் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை இடும் பழக்கம் எம்மவரிடையே பரவலாக உள்ளது. ஸ்டீரொயிட் கலந்த சொட்டு மருந்துகளை வைத்திய ஆலோசனையின்றித் தொடர்ந்து பாவித்தால் கண்ணின் அழுத்தம் அதிகரித்துக் குளுக்கோமா நோயும், கண்புரையும் ஏற்படலாம். வேறொருவருக்குக் கொடுத்த மருந்தை இடுவதும், தாய்ப்பால், இலைச்சாறு, தேன் ஆகியவற்றைக் கண்ணில் விடுவதும் கிருமித் தொற்றை வரவழைக்கும். பப்பாசி இலைச் சாறு அருந்தினால் பார்வை திரும்புமென எண்ணிக் காலத்தைக் கடத்துவதும் தவறாகும். கண்வலிக்கென அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் போன்ற வலி நிவாரணிகளை எடுப்பது குருதிக் கசிவை மேலும் அதிகரிக்கச் செய்யும். டெங்குக் காலத்தில் உரிய அளவில் பரசிட்டமோல் மாத்திரமே ஏற்றதாகும். வேறு நோய்களுக்காக அஸ்பிரின் எடுத்து வருவோர் அதுபற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

காய்ச்சலின் பின் பார்வை மங்குவது டெங்குவுக்கு மாத்திரம் உரியதன்று. 2006 ஆம் ஆண்டின் இறுதியில் மன்னார், புத்தளம், கல்முனை, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் பரவிய சிக்குன்குனியாவும் கண்ணில் அழற்சியை ஏற்படுத்த வல்லது. வயல் வேலை செய்வோரைத் தாக்கும் எலிக்காய்ச்சல், நோய் மாறிப் பல வாரங்கள் கழிந்த பின்னரும் கண்ணைப் பாதிக்கக் கூடும். ஆகவே எக்காய்ச்சலாயினும் அதன் பின் பார்வையில் மாற்றம் ஏற்பட்டால் அக்காய்ச்சல் பற்றிய விபரத்தைக் கண் வைத்தியரிடம் கூறுவது நோயைச் சரியாக இனங்காண உதவும்.

சுகாதாரத் துறையினரின் கவனத்துக்கு ஒரு யோசனையை முன்வைக்க விரும்புகின்றோம். டெங்கு நோயாளர் வீடு திரும்பும்போது வழங்கப்படும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. அதனை வாசித்து விளங்கிக் கொள்ளும் நிலையில் எமது மக்களிற் பெரும்பாலானோர் இல்லை. "பார்வையில் மாற்றம் ஏற்பட்டால் உடனே திரும்பி வரவும்" என்ற ஒரு வரியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு அட்டையுடன் இணைத்து வழங்குவதற்குப் பெரும் செலவேதும் ஏற்படப் போவதில்லை. நோயாளியை அனுப்புவதற்கு முன்னர் ஒவ்வொரு கண்ணாலும் வாசிக்க முடிகின்றதா என்று விடுதித் தாதியர் கேட்டறிவதற்கும் அதிக நேரம் செல்லாது. வைத்தியசாலைகளில் நெருக்கடி நிலவுவதை நாம் அறிவோம். ஒரே கட்டிலில் இருவரைப் படுக்க வைக்க நேர்ந்த காலங்களும் உண்டு. ஆயினும் உயிரைக் காப்பாற்றப் பெரும்பாடுபட்ட வைத்தியர்களின் உழைப்பு, ஒரு வரி அறிவுறுத்தல் இல்லாத காரணத்தால் முழுமை பெறாது போகலாகாது.

கண்ணைக் காப்பதற்கான மிகச் சிறந்த வழி டெங்கு வராமல் தடுப்பதேயாகும். வடக்கிலும் கிழக்கிலும் வடகீழ்ப் பருவப் பெயர்ச்சி மழையுடன் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலும், மேற்கிலும் தெற்கிலும் தென்மேற்குப் பருவ மழையுடன் மே முதல் ஜூலை வரையிலும் நோய் தலைதூக்குவது வழக்கமாகி விட்டது. டெங்கு நுளம்பு நன்னீரில் மாத்திரமே பெருகும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தபோதிலும், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரக் கிணறுகள் உள்ளிட்ட உவர் கலந்த நீர்நிலைகளிலும் அதன் குடம்பிகள் வளர்வதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் வெளிப்படுத்தினர். எனவே பாவனையற்ற கிணறுகளை வலையினால் மூடுவதும், குடம்பிகளை உண்ணும் மீன்களை அவற்றில் விடுவதும் அவசியமாகும். பள்ளிவாசல்களின் ஹவுழ்களையும், கோயில்களின் நீர்த் தொட்டிகளையும், தேவாலய வளவுகளையும் வாரம் ஒரு முறை பரிசோதித்தல் வேண்டும். நுளம்பு முட்டை பறக்கும் நுளம்பாக மாறுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் செல்லுமாதலால், வாரந்தோறும் செய்யும் துப்புரவுப் பணியே உண்மையான பயனைத் தரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் மாத்திரம் வளவைக் கூட்டுவதனால் எவருக்கும் நன்மை இல்லை.

மழைக் காலங்களில் வெள்ளிக்கிழமைக் குத்பாக்களிலும், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகளிலும் டெங்கு பற்றிய அறிவுறுத்தல்கள் வழங்கப்பட்டு வருவது பாராட்டத்தக்கதாகும். அந்த அறிவுறுத்தல்களுடன் இனிமேல் மேலுமொன்றைச் சேர்த்துக் கொள்ளுமாறு சமயப் பெரியார்களையும், கிராம மட்ட அமைப்புகளையும் கேட்டுக் கொள்கின்றோம். காய்ச்சல் விட்டதும் நோய் முற்றாக நீங்கிவிட்டதெனக் கருதாது, அடுத்த இரு வாரங்களுக்குப் பார்வையையும் கவனித்தல் வேண்டும் என்பதே அது. உயிரைக் காப்பதில் காட்டும் அக்கறையின் சிறு பங்கையேனும் கண்ணைக் காப்பதில் காட்டினால், டெங்குவிலிருந்து மீண்ட ஒவ்வொருவரும் தமது தொழிலுக்கும் கல்விக்கும் முழுமையான பார்வையுடன் திரும்பும் வாய்ப்புப் பெரிதும் அதிகரிக்கும் என்பதில் ஐயமில்லை.